கால் போன வீரனும் காயப் பட்டியலும்

போன மாதம், புதிதாக டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆகியிருக்கும் தம்பி ஒருவன் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு அவனே எழுதிய வீட்டு விதிகள். கீழே வருவதெல்லாம் அதில் இருந்தவைதான். முதல் வரி: "கிரிட்டிகல் விழுந்தால் காயப் பட்டியலில் உருட்டு." கிரிட்டிகல் என்றால் தாக்கும்போது இருபது முகப் பகடையில் 20 விழுவது. நான் முதன்முதலில் எழுதிய வீட்டு விதியும் இதேதான். கையெழுத்துதான் வேறு.

"நடு ஆட்டத்தில் விதியை மாற்றாதே" மாதிரியான பாடமெல்லாம் இங்கே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும்.

கிரிட்டிகலுக்கு ஓர் உறுப்பு

ஆசை புரிகிறது. 40 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள வீரன் ஒரே ஒரு பாயின்ட்டோடு நிற்கும்போதும் முழு பலத்தோடு வாள் வீசுகிறான். எட்டு மணி நேரம் லாங் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வு எடுத்து எழுந்தால் கீறல்கூட இல்லை. உறுத்தத்தான் செய்யும். 2014-இல் வந்த டிஎம் கையேட்டிலேயே நீடிக்கும் காயங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. டி20, அதாவது இருபது முகப் பகடை, உருட்ட வேண்டும்: 1 விழுந்தால் கண் போகும், 2 விழுந்தால் கை, 3 விழுந்தால் கால். எப்போது உருட்டுவது என்பதை டிஎம் கையில் விட்டுவிட்டு, சில சந்தர்ப்பங்களை மட்டும் காட்டுகிறார்கள். கிரிட்டிகல் அதில் ஒன்று. புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். முன்வரிசையில் நிற்கிறவன்மேல் ரவுண்டுக்கு நான்கு தாக்குதல், நான்கு ரவுண்டு சண்டை. அந்த 16 உருட்டலில் ஒன்றாவது 20 விழ 56 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேற்பட்ட சண்டைகளில் அவன் காயப் பட்டியலுக்குப் போய்விடுவான். அவன் வெட்டுகிற கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. மூன்றாவது ரவுண்டில் சாகப்போகிறது, நொண்டினால் என்ன, நொண்டாவிட்டால் என்ன? பின்னால் நிற்கும் மந்திரவாதி மேல் தூசுகூடப் படுவதில்லை. மொத்தக் கூட்டத்துக்காக அடி வாங்குகிறவன் தலையில்தான் எல்லாம் விடிகிறது.

என் மேஜையில் அது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே விடிந்தது. கதவைத் திறந்தான் நண்பன், உள்ளே ஹாப்காப்ளின், கோப்ளினின் பெரிய சாதி. 20 விழுந்தது. பட்டியலில் உருட்டினேன், 3. ரத்தம் தெறித்ததை எல்லாம் ரசித்து வர்ணித்தேன், வெட்கமாக இருக்கிறது. அவன் ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து, வேகம் 30 என்று இருந்ததை அழித்து 15 என்று எழுதினான். போன காலை வளர்க்கும் ரீஜெனரேட் ஏழாம் நிலை மந்திரம். வைத்திய மந்திரம் போடும் பூசாரியான கிளெரிக்குக்கு அது 13-ஆம் லெவலில்தான் வரும். நாங்கள் 2-ஆம் லெவல். இன்னும் இரண்டு வாரம் வந்தான், அப்புறம் "வேலை இருக்குடா" என்று விட்டான். "பகடைதானே போட்டது, நான் என்ன பண்ணட்டும்" என்று வேறு அவனிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டியலை எடுத்து வைத்தது பகடை இல்லையே!

மற்றவர்கள் ஆளுக்கொரு வில் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் எந்தக் கதவையும் யாரும் திறக்கவில்லை. யார் திறப்பது என்ற பேச்சிலேயே ஒரு மணி நேரம் போகும்.

இப்போது என் மேஜையில் பூஜ்ஜியம் ஹிட் பாயின்ட்டுக்கு விழுந்தால் மட்டும்தான் காயம். எப்போது ஆறும் என்பதை அந்த நிமிஷமே கதாபாத்திரத் தாளில் எழுதிவிடுவோம். விலா எலும்பு முறிவுக்கு அதே கையேடு பத்து நாள் முழு ஓய்வு என்கிறது, போதும். ஆட்டக்காரர் தானாகக் கேட்டாலொழிய கைகால் போகாது.

விழும்போதெல்லாம் ஒரு எக்ஸாஷன்

ஹீலிங் வேர்ட் என்ற வைத்திய மந்திரத்தில் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்துகொண்டே இருக்கிறார்களே என்ற எரிச்சலில் பிறக்கும் விதி: விழும் ஒவ்வொரு முறையும் எக்ஸாஷன், அதாவது களைப்பு, ஒரு நிலை ஏறும். 2014 விதிப்படி மூன்றாம் நிலை எக்ஸாஷனில் தாக்குதலுக்கும், ஆபத்திலிருந்து தப்பப் போடும் சேவிங் த்ரோவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். ஆறாம் நிலையில் மரணம். ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு நிலைதான் குறையும். இங்கேயும் சிக்குகிறவன் முன்வரிசைக்காரன்தான். வைத்தே தீருவேன் என்றால் இரண்டாவது முறை விழும்போதிலிருந்து வையுங்கள்.

ஏழு நாள் லாங் ரெஸ்ட்

கையேட்டில் உள்ள மாற்று விதி: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். மாதக்கணக்கில் நடக்கும் பயணக் கதைக்குப் பொருந்தும். நாளை விடிந்தால் இளவரசனைப் பலி கொடுக்கிறார்கள் என்ற கதைக்கு இதை வைத்தால் தொலைந்தது. மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் எட்டு மணி நேரம்தான் நிற்கும், மந்திரம் போடச் செலவான ஸ்லாட் திரும்ப ஒரு வாரம் ஆகும் என்பதையும் மந்திரவாதி உங்களிடம் சொல்லுவார். கோபமாகவே சொல்லுவார்.

வைத்திய மந்திரத்தைப் பாதியாக்குவது

2014 ஹீலிங் வேர்ட் ஆரம்ப லெவலில் சராசரி ஐந்தாறு பாயின்ட். ஓகர் என்ற ராட்சதனின் ஒரு அடி சராசரி 13. இதில் பாதி எதற்கு?

போஷன் குடிக்க முழு ஆக்‌ஷன்

வேண்டாம். ஒருவர் தன் முறையில் செய்யும் முக்கியச் செயல்தான் ஆக்‌ஷன். 2024-இல் திருத்தி வந்த விதிகளே போஷன் என்ற மருந்தைக் குடிப்பதை, கூடவே செய்யக்கூடிய போனஸ் ஆக்‌ஷன் ஆக்கிவிட்டன.

டெத் சேவை ஒளித்து உருட்டுவது

பூஜ்ஜியத்துக்கு விழுந்தவர் பிழைப்பாரா, சாவாரா என்று பார்க்க உருட்டுவது டெத் சேவ். அதை ஒளித்து உருட்டுவது தவறில்லை. டிஎம்முக்கும் விழுந்தவருக்கும் மட்டும் எண் தெரிந்தால், கூட்டாளிகள் "இன்னும் ரெண்டு ரவுண்டு தாங்குவான்" என்று கணக்குப் போடாமல் ஓடி வருகிறார்கள். தம்பியின் நோட்டில் நாங்கள் அடிக்காமல் விட்ட வரி இது ஒன்றுதான்.