சொல்லை அதிர்வாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனைவி முத்தியால்பேட்டையில், கணவர் பாரிஸில் என்று வாழும் குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய உண்டு. கைபேசியில் வரும் செய்தியை உடலில் உணரும் அதிர்வாக மாற்றும் அந்தரங்கக் கருவிகள் இப்படிப்பட்ட தம்பதியருக்கு உண்மையிலேயே ஆறுதல் தரக்கூடியவை. ஆனால் அவற்றுக்கு நிரல் எழுதுபவர்கள் தமிழில்தான் முதலில் சறுக்குகிறார்கள்.

எழுத்தின் பைட் மதிப்பையே, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் 0 முதல் 255 வரையிலான எண்களையே, மோட்டாரின் வேகமாக வைத்துவிடுவது அந்தச் சறுக்கல். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்; மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள்தான். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே 128 முதல் 191 வரை மாறும். ஆகவே உச்ச மதிப்பான 255-இல் பாதிக்குக் கீழே வேகம் இறங்கவே இறங்காது. 'அன்பு' 15 பைட், 'வெறுப்பு' 24 பைட். எவ்வளவு நேரம் அதிர்ந்தது என்பதைத் தவிர வேறெந்த வேறுபாடும் தோலுக்குத் தெரியாது. அதனால் எழுத்தை விட்டுவிட்டு, இருவரும் பேசி நான்கைந்து தாளங்களை முடிவு செய்துகொள்வதே சரி என்பேன். 'நினைத்துக்கொண்டேன்' என்பதற்கு மெதுவாக ஏறி இறங்கும் ஒரே அலை போதும். எடை சுழலும் சிறு மோட்டார் வேகம் பிடிக்கவே பல பத்து மில்லி விநாடிகள் ஆகும் என்பதால், அதைவிடக் குறுகிய துடிப்புகள் வீண்.

ஐப்பசி மழையில் நெட்வொர்க் போய்த் திரும்பினால் தேங்கிய செய்திகள் மொத்தமாக வந்து விழும். பழையவற்றைக் கழித்துவிட வேண்டும். ப்ளூடூத் அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். கடைசிக் கட்டளையிலேயே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. வங்கிச் செய்திக்கெல்லாம் அதிராமல், ஒரே ஒருவரின் செய்தியை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். குளிர்காலத்தில் பாரிஸில் இரவு 10 மணி என்றால் இங்கே அதிகாலை 2.30 என்பதும் நினைவிருக்கட்டும்.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற உரிமை, கருவியை அணிந்திருப்பவருடையது. அனுப்புபவரின் செயலியால் அதை மீற முடிந்தால் அது பெருந்தவறு.

பயன்பாட்டு விவரங்களைச் சர்வரில் சேமிப்பதும் அப்படித்தான். வீ-வைப் என்ற அந்தரங்கக் கருவிகளைத் தயாரித்த கனடா நிறுவனம், பயனர்களின் விவரங்களைச் சேகரித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 2017-இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. செய்தி தாளமாக மாறும் வேலை கைபேசிக்குள்ளேயே நடக்கட்டும். அதிர்ந்து முடிந்ததும் அழிந்துவிடட்டும்.