ஸ்கிரீன் உடைந்த லேப்டாப்பைப் பரணில் வைத்து, கீழே உட்கார்ந்து ஓட்டுவது எப்படி

என்னிடம் ஒரு பழைய லேப்டாப். ஸ்கிரீன் போய்விட்டது, மற்றதெல்லாம் ஓடுகிறது. எடைக்குப் போட மனசில்லாமல் ஜூபுண்டு என்ற லினக்ஸ் ஏற்றி, படங்களையும் பேக்கப்பையும் அதில் கொட்டிவைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று தூங்கினால் இதைச் செய்து பாருங்கள். முதல் நாள் மட்டும் ஹெச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம், கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கவும்.

முதலில் டெர்மினல் வழி, அதாவது கட்டளைகளை டைப் செய்து ஓட்டும் திரை. டெஸ்க்டாப்பை அப்புறம் பார்க்கலாம், ஏனென்றால் டெஸ்க்டாப் சொதப்பினால் சரிசெய்ய உள்ளே போக இந்த வழிதான் மிஞ்சும். பழைய லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்ஹெச்-செர்வர் எம்சி' என்று அடித்தால் தேவையான இரண்டும், வெளியிலிருந்து உள்ளே நுழைய விடும் எஸ்எஸ்ஹெச்சும் கோப்புகளைக் கையாளும் எம்சியும், ஒரே வரியில் வந்துவிடும். அடுத்து 'ஹோஸ்ட்நேம்', ஒரு இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்து ஐ. 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விண்டோஸ் கணினிக்கு வாருங்கள். பவர்ஷெல்லில் 'எஸ்எஸ்ஹெச்' அடித்து, இடைவெளி விட்டு, லேப்டாப்பில் உள்ள உங்கள் யூசர்நேம், @ குறி, அந்த எண், என்டர். முதல் தடவை நம்பலாமா என்று கேட்கும். ஒய் மட்டும் போட்டால் ஏற்காது, 'யெஸ்' என்று முழுசாக அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

உள்ளே போனதும் 'எம்சி'. நீலத் திரையில் இடமும் வலமுமாக இரண்டு பேனல் வரும். இதுதான் மிட்நைட் கமாண்டர், 1994-ல் மிகேல் டி இகாசா தொடங்கியது. டாஸ் காலத்து நார்ட்டன் கமாண்டரைப் பார்த்தவர்களுக்குப் பழைய வீட்டுக்குத் திரும்பியது போல இருக்கும். டேப் கீ தட்டினால் அடுத்த பேனலுக்குத் தாவும். இடது பக்கம் டவுன்லோட்ஸ், வலது பக்கம் பிக்சர்ஸ் ஃபோல்டரைத் திறந்து வைத்து, வேண்டிய படங்களை ஒவ்வொன்றாக கன்ட்ரோல்-டி கொடுத்துத் தேர்ந்தெடுத்தால் நிறம் மாறி மஞ்சளாகும், எஃப்6 அழுத்தினால் மொத்தமும் எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும். நகல் மட்டும் போதுமென்றால் எஃப்5, அழிக்க எஃப்8. எஃப்8-ல் அழித்தது குப்பைத்தொட்டிக்கெல்லாம் போகாது, போனது போனதுதான். எஃப் கீகள் வேலை செய்யாவிட்டால் எஸ்கேப் தட்டிவிட்டு எண்ணை மட்டும் அடியுங்கள்.

கையோடு ஒரு வேலை. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், அப்புறம் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்க வேண்டியதுதான். எஃப்10-ல் வெளியே வந்து, 'சூடோ எம்சி' என்று மறுபடி நுழைந்து, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள இடிசி ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் லாகின்டி.கான்ஃப் கோப்பின் மேல் நின்று எஃப்4. எந்த எடிட்டர் என்று கேட்டால் நானோ. 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' என்று தொடங்கும் வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு, சமக்குறிக்குப் பின்னால் 'இக்னோர்' என்று மாற்றுங்கள். கன்ட்ரோல்-ஓ, என்டர், கன்ட்ரோல்-எக்ஸ். லேப்டாப்பை ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள்.

சரி, இனி டெஸ்க்டாப். மறுபடி எஸ்எஸ்ஹெச் வழியாக லேப்டாப்புக்குள் போய் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்ஆர்டிபி', அவ்வளவுதான், தானாகவே ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து அதே எண்ணைக் கொடுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும், உங்கள் வீட்டு லேப்டாப்தானே, யெஸ் கொடுக்கலாம். அடுத்து வரும் பெட்டியில் செஷன் என்ற இடத்தில் எக்ஸ்ஆர்க் இருக்கட்டும்.

இங்கேதான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பாஸ்வேர்டு கொடுத்ததும் கறுப்புத் திரை, ஐந்து நொடியில் தொடர்பு அறுந்துவிடும். மூன்று முறை அழித்துப் போட்டும் அதே கதைதான். கடைசியில் பார்த்தால், ஜூபுண்டு நிறுவும்போது பாஸ்வேர்டு இல்லாமல் நேராக உள்ளே போகும் ஆட்டோ லாகினை நானே டிக் செய்து வைத்திருக்கிறேன். பரணில் அதே யூசர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தால், அதே பெயரில் இரண்டாவது டெஸ்க்டாப் திறக்காமல் இப்படி மல்லுக்கட்டும். ஆட்டோ லாகினை எடுத்து ரீபூட் செய்ததும் எலி படம் போட்ட டெஸ்க்டாப் பளிச்சென்று வந்துவிட்டது.

வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள், அந்தப் போர்ட்டை இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கிறார்கள். வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன், அதாவது பூட்டிய தனிப்பாதை வழியாகப் போங்கள்.

வேலை முடிந்து விண்டோவை எக்ஸ் அழுத்தி மூடினால் தொடர்பு மட்டும்தான் அறுகிறது, உள்ளே ஓடும் டவுன்லோடு தொடர்ந்து ஓடும், மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். எல்லாவற்றையும் மூட வேண்டுமென்றால் மெனுவில் போய் லாக்அவுட் கொடுக்க வேண்டும்.