குழந்தையோடு கடைக்குப் போகிறவர்களுக்கு: பிரித்தானியக் கார் தரிப்பிடங்களில் நடந்துகொள்ளும் முறை

பிரித்தானியாவில் டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், ஆஸ்டா, மொரிசன்ஸ் போன்ற பெரிய கடைகளின் கார் தரிப்பிடங்களில், பெரியவரும் குழந்தையும் கைகோத்து நிற்கும் படமோ குழந்தையை வைத்துத் தள்ளும் புஷ்சேரின் படமோ வரையப்பட்ட சில கட்டங்கள் வாசலுக்கு அருகில் இருக்கும். 'பேரன்ட் அண்ட் சைல்ட்' என்று எல்லோரும் அழைக்கும் இந்தக் கட்டங்களை யார் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கடைக்காரர் தம் சொந்த நிலத்தில், தம் வாடிக்கையாளரின் வசதிக்காகக் கோடு போட்டு ஒதுக்கிய இடம் அது. சட்டம் விலகி நிற்பதால், இங்கே எழும் சண்டைகள் பெரும்பாலும் நாகரிகம் பற்றிய சண்டைகளாகவே இருக்கின்றன. இந்நாட்டுக்குப் புதிதாக வந்து, முதல் குழந்தையோடு கார் ஓட்டத் தொடங்கும் குடும்பத்துக்கு எது முறை, எது முறையில்லை என்பது எளிதில் பிடிபடாது.

முதலில் அளவைக் கவனியுங்கள். இங்கே சாதாரணக் கட்டம் ஒன்றின் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும். குடும்பக் கார் ஒன்றின் அகலத்தை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த இரு கார்கள் தத்தம் கட்டத்தின் நட்டநடுவில் நின்றாலும் அவற்றுக்கிடையே மிஞ்சுவது 60 சென்டிமீட்டர்தான். பெரியவர் ஒருவர் கதவை அரைகுறையாகத் திறந்து, உடலை ஒருக்களித்து அதற்குள் வெளியே வந்துவிடலாம். கைக்குழந்தையை அப்படி எடுக்க முடியாது. குழந்தைக் கார் இருக்கைகளுக்கான ஐ-சைஸ் விதிப்படி 15 மாதம் முடியும்வரை குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமர வேண்டும் என்பதால், தாயோ தந்தையோ கதவை முழுவதும் திறந்து, ஒரு காலை உள்ளே ஊன்றி, கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, ஒரு கையால் தோள் வாரை விலக்கிக்கொண்டு மறு கையின் பெருவிரலால் வாரைக் கழற்றும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் இருக்கையோடு தூக்கினாலோ, அந்த இருக்கையும் கதவின் அகலத்தையே கேட்கும். பக்கத்துக் கார் 60 சென்டிமீட்டரில் நின்றால் இதில் எதுவும் நடக்காது. நடத்த முயன்றால் அந்தக் காரில் கீறல் விழும்.

ஆகவே இந்தக் கட்டங்களின் பயன் அகலத்தில் இருக்கிறது. வாசலுக்கு அருகில் இருப்பது இரண்டாவது வசதிதான். பின்னோக்கி வரும் கார்களின் கண்ணாடியில் தெரியாத உயரமுள்ள சிறுவர்கள் கார்கள் ஓடும் பாதையைக் குறுக்கே கடக்கும் தூரம் குறையட்டும் என்பது அதன் நோக்கம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஐயங்களுக்கு நீங்களே விடை காணலாம்: இந்தக் கடையில் ஒரு குழந்தையை இறக்குவதற்காக உங்கள் கார்க் கதவு முழுதாகத் திறக்கப்பட வேண்டுமா? ஆம் என்றால் நிறுத்துங்கள்.

குழந்தை காரிலேயே தூங்குகிறது, மனைவி அதனுடன் இருக்கிறார், கணவர் மட்டும் பாலும் பாணும் வாங்க ஓடுகிறார் என்றால், குழந்தை உங்களோடு வந்திருந்தும் அந்தக் கட்டம் உங்களுக்குத் தேவையில்லை. பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர், பின்னிருக்கையில் வெறும் கார் சீட் இருப்பதைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. மாறாக, பேரப்பிள்ளையோடு வரும் அம்மம்மாவும், அக்காவின் குழந்தையைக் கூட்டிவரும் சித்தியும் பெற்றோர் அல்லர் என்று தயங்க வேண்டியதில்லை. குழந்தையைக் கவனிக்கும் பெரியவர் எவருக்கும் அந்த இடம் உரியது.

வயது வரம்பைப் பற்றிச் சில கடைகளின் பலகைகள் 12 வயது என்று சொல்லும், சில எதுவும் சொல்லாது. 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பிள்ளைக்குக் கார் சீட்டோ, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டரோ வேண்டும் என்பது இந்நாட்டுச் சாலை விதி. பலகை இடம் கொடுத்தாலும், வாரைத் தானே கழற்றி இறங்கக்கூடிய பத்து வயதுப் பிள்ளையோடு வருகிறவர், கடைசியாக மிஞ்சிய ஒற்றைக் கட்டத்தை எடுக்காமல் விடுவதே அழகு என்பது என் கருத்து. கர்ப்பிணிகளின் நிலை சற்றுச் சிக்கலானது. எட்டாம் மாதத்தில் கதவு அகலத் திறக்கும் தேவை உண்மையானது, ஆனால் பலகை குழந்தையைப் பற்றியே பேசுகிறது. உள்ளே வாடிக்கையாளர் சேவை மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் மறுக்கமாட்டார்கள், ஆனால் உங்கள் வண்டியைப் பார்த்துச் செல்லும் தரிப்பிடக் காவலருக்கு உங்கள் நிலை தெரிய வாய்ப்பில்லை.

நிறுத்தும்போது கட்டத்தின் இரு பக்கமும் அல்லது ஒரு பக்கம் குறுக்குக் கோடு போட்ட பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இரண்டு கார்களுக்கும் பொதுவானது. அதன்மேல் சக்கரம் ஏறி நின்றால், அடுத்த குடும்பம் வந்தும் பயனில்லாமல் போகும். கார் சீட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பட்டை வரும்படி, தேவையானால் பின்னோக்கி நுழைந்து நிறுத்தலாம். ஆனால் டிக்கியிலிருந்து புஷ்சேரை எடுக்கவேண்டியவர்கள் முன்னோக்கி நுழைவதே நல்லது, இல்லையென்றால் டிக்கி மதிலை ஒட்டி நின்றுவிடும்.

இறக்கும் வரிசையில் புஷ்சேரை அல்லது குழந்தை இருக்கை பொருத்திய டிராலியை முதலில் காரருகே கொண்டுவந்து, அதன் பிறகே குழந்தையை எடுங்கள். நடக்கும் பிள்ளை இருந்தால், கைக்குழந்தை புஷ்சேரில் வாரிடப்படும்வரை அவர் காருக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பும்போது குழந்தையை இருக்கையில் கட்டிவிட்டுச் சாமான்களை ஏற்றலாம். டிராலியைத் திருப்பி வைக்கும் வேலைதான் பெற்றோரைக் குழப்புவது. எந்த வயதுவரை குழந்தையைக் காரில் தனியே விடக்கூடாது என்று சட்டம் ஓர் எண்ணைச் சொல்லவில்லை, ஆனால் ஆபத்துக்கு உள்ளாக்கும் வகையில் விட்டுச்செல்வது குற்றம். டிராலிகளை அடுக்கும் கூண்டு காரிலிருந்து பத்தடியில், கண்ணுக்கு முன்னால் இருந்தால் பிரச்சினை இல்லை. தொலைவில் இருந்தால் சாமானை ஏற்றிவிட்டு, குழந்தையோடு போய் டிராலியை வைத்துவிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். எப்படியானாலும் டிராலியை எடுக்கப் போட்ட அந்த ஒரு பவுண்டை மறந்துவிட்டு டிராலியைக் குறுக்குக் கோட்டுப் பட்டையில் விட்டுப் போகாதீர்கள். இந்தக் கட்டங்களில் நான் அடிக்கடி காணும் அநாகரிகம் அதுதான், அதைச் செய்பவர்களும் பெரும்பாலும் பெற்றோர்களே.

சனிக்கிழமை முற்பகலிலும் தீபாவளி, கிறிஸ்மஸ் வாரங்களிலும் இந்தக் கட்டங்கள் நிரம்பியே இருக்கும். எஞ்சினை ஓடவிட்டுப் பாதையை மறித்துக் காத்திருப்பதைவிட, தரிப்பிடத்தின் கடைக்கோடிக்குப் போய், ஒரு பக்கம் புல்தரையோ நடைபாதையோ இருக்கும் ஓரக் கட்டத்தைத் தேடுங்கள். அங்கே கதவு தாராளமாகத் திறக்கும். இரண்டு நிமிடம் கூடுதலாக நடக்கவேண்டும், அவ்வளவே.

பிள்ளை இல்லாத ஒருவர் அங்கே நிறுத்துவதைக் கண்டால் என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பது நல்லது. தனியாக இறங்கிப் போகும் ஆளின் மனைவி குழந்தையோடு ஏற்கனவே கடைக்குள் இருக்கக்கூடும், அல்லது உடுப்பு மாற்றக் குழந்தையை உள்ளே தூக்கிச் சென்றிருக்கலாம். ஐயமே இல்லை என்று தோன்றினாலும் கண்ணாடியில் தட்டிக் கேட்பதும், காரின் படத்தை முகநூலில் போடுவதும் வேண்டாம். இலக்கத் தகட்டைக் குறித்துக்கொண்டு சேவை மேசையில் சொன்னால் போதும். நம்மவர் ஒருவர் உங்கள் காரிலேயே இருந்து, "அஞ்சு நிமிசந்தானே தம்பி, இதிலேயே விடு" என்று சொல்லும்போது மறுப்பதுதான் உண்மையில் கடினம். மாமாவிடம் வாதிட வேண்டாம். அவரை வாசலில் இறக்கிவிட்டு நீங்கள் தள்ளிப் போய் நிறுத்துங்கள், இருவருக்கும் மரியாதை குறையாது.

மாமாவுக்கு உண்மையிலேயே முழங்கால் நோவு என்றால் அதற்குரிய வழி மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிட அட்டையான புளூ பேட்ஜ். குழந்தைக் கட்டம் அதற்கு மாற்றாகாது. மாற்றுத்திறனாளிகளின் கட்டங்களுக்குப் பின்னால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நிற்கிறது. குழந்தைக் கட்டங்கள் நிரம்பிவிட்டன என்பதற்காக அவற்றில் நிறுத்துவதை எந்தப் பெற்றோரும் நியாயப்படுத்த முடியாது. வெளியில் தெரியாத குறைபாடுகளுக்கும் 2019 முதல் இங்கிலாந்தில் பேட்ஜ் கிடைக்கிறது. பருமனான மருத்துவக் கருவிகளை எப்போதும் உடன் கொண்டுசெல்லவேண்டிய மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் விண்ணப்பிக்கலாம், இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. உள்ளூர்க் கவுன்சிலே இதை வழங்குகிறது.

கடைசியாக, கட்டணச் சீட்டு. சில கடைகள் தரிப்பிடத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கும். அந்த நிறுவனம் அனுப்புவது அரசு விதிக்கும் அபராதம் அன்று. பலகையில் எழுதிய நிபந்தனையை நீங்கள் மீறினீர்கள் என்ற ஒப்பந்தக் கோரிக்கை. ஆனால் அது வெற்றுக் கடிதம் என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கிழித்துப்போடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டின் சட்டம் தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டுவதைத் தடை செய்த கையோடு, ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது வண்டியை வைத்திருப்பவராகப் பதிவானவரிடம் பணம் கேட்கவும் வழி செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றமும் பார்க்கிங்ஐ நிறுவனத்தின் 85 பவுண்டு கட்டணத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. குழந்தை உடன் இருந்தும் சீட்டு வந்தால், கடை ரசீதையும், கார் சீட் பொருத்திய பின்னிருக்கையின் படத்தையும், பலகையின் படத்தையும் சேர்த்து 28 நாட்களுக்குள் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். கடை மேலாளரிடமும் சொல்லுங்கள், பல வேளைகளில் அவரே ரத்துச் செய்விப்பார். நிறுவனம் மறுத்தால், அது தரிப்பிட நிறுவனங்களின் எந்தச் சங்கத்தின் உறுப்பினரோ அதைப் பொறுத்துப் போப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குக் கட்டணமின்றிப் போகலாம். எதுவென்று மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும்.