பத்து புளியங்கொட்டை போதும்: வீட்டிலேயே கணக்குப் பழக்கும் விளையாட்டுகள்

நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் யூகேஜி குழந்தையின் முன்னால் நாலு பிஸ்கட்டும் மூன்று பிஸ்கட்டும் வைத்து, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் பிஸ்கட்டில் விரலை வைத்து ‘ஒண்ணு’ என்று தொடங்கும். வரிசை மனப்பாடம், அளவு இன்னும் பிடிபடவில்லை. சின்னக் கூட்டத்தை எண்ணாமலே பார்த்துச் சொல்வது, இருக்கும் எண்ணிலிருந்து மேலே எண்ணுவது, இந்த இரண்டும் கைவந்துவிட்டால் கூட்டல் கழித்தல் பயம் பாதி போய்விடும். நாலு வயதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் புளியங்கொட்டை. பத்து எடுத்து, ஒவ்வொன்றையும் மொட்டை மாடியின் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும் தேயுங்கள். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடேறும். அதனால் பெரியவர்களே தேய்த்து, ஆறவைத்துக் கொடுங்கள்.

ஐந்து கொட்டையோடு ஆரம்பியுங்கள். குழந்தை குலுக்கிப் போட்டு, ‘வெள்ளை ரெண்டு, பழுப்பு மூணு, மொத்தம் அஞ்சு’ என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மொத்தத்தைச் சொல்லாமல் விட்டால், எப்படி விழுந்தாலும் ஐந்துதான் என்பது மனதில் நிற்காது. நாலைந்து ஆட்டம் போனதும் பழுப்பை மட்டும் ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். ‘வெள்ளை நாலு தெரியுது, உள்ளே எத்தனை?’ பதில் சொன்னதும் குழந்தையே கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். சரியா தப்பா என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். நாம் முந்திக்கொண்டு திருத்தினால், அடுத்த முறை குழந்தை கொட்டையைப் பார்க்காது, நம் முகத்தைப் பார்க்கும்.

ஐந்திலிருந்து பத்துக்குப் போகும்போதுதான் தடுமாற்றம். நாலைந்துக்கு மேல் சிதறிக் கிடந்தால் பெரியவர்களுக்கே ஒரே பார்வையில் பிடிபடாது. இதற்கு முட்டைக் கடையில் தரும் 30 முட்டை அட்டை அருமையான கருவி. அதில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையை வெட்டி எடுங்கள். மேல் வரிசை நிறைந்த பிறகுதான் கீழ் வரிசை. ஏழு என்றால் ஒரு முழு வரிசையும் இரண்டும். காலியாக இருக்கும் மூன்று குழியே ‘பத்துக்கு இன்னும் மூணு’ என்று காட்டிவிடும். பத்துக் கொட்டையைக் குலுக்கினால் 5-5, 6-4தான் அடிக்கடி விழும். 9-1, 8-2 அபூர்வம். அவற்றை நீங்களே எடுத்து வைத்து மூடுங்கள்.

அடுத்தது கோடு விளையாட்டு. தரையில் சாக்பீஸால் ஒரே வரிசையாக, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை கட்டம் போடுங்கள். ஒரு நாணயத்தின் இரு பக்கத்திலும் காகிதம் ஒட்டி 1, 2 என்று எழுதுங்கள். அதுதான் தாயக்கட்டை. காய் 4இல் நிற்கிறது, 2 விழுந்தது என்றால் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகர்த்தக் கூடாது, ‘அஞ்சு, ஆறு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். விளையாட்டின் பலன் முழுக்க இதில்தான். கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எண் எழுதிய கட்டத்தில் விளையாடியவர்களுக்கு எண்ணறிவு கூடியது. வண்ணம் மட்டும் தீட்டிய கட்டத்தில் விளையாடியவர்களுக்குக் கூடவில்லை. நின்ற கட்டத்தையே முதலாவதாக எண்ணுவது எல்லாக் குழந்தையும் செய்யும் தப்பு. காயை லேசாகத் தூக்கி, ‘எங்கே குதிக்கப் போறே?’ என்று கேட்டால் போதும். பரமபதம் ஆட இந்த வயது போதாது, வரிசைக்கு வரிசை திசை திரும்புவதால் எண் கூடுகிறதா குறைகிறதா என்று குழம்பும்.

ஆறு வயதானால் பல்லாங்குழி. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பலகை கிடைக்கும். 14 குழி, குழிக்கு 5 முத்து. காலியான குழியில் நாலு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளும் முறையில் ஆடுங்கள். மூன்று கிடக்கும் குழிகளைக் குழந்தையின் கண் தானாகவே தேட ஆரம்பிக்கும்.

மொழி விஷயம் ஒன்று. சென்னை வீடுகளில் பள்ளி எண் ஆங்கிலத்தில், வீட்டு எண் தமிழில். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்று, பன்னிரண்டு என்னும்போது பத்து முன்னால் நிற்பது தமிழில் பெரிய வசதி. ஆனால் எண்பத்தொன்பதுக்குப் பிறகு வரும் தொண்ணூறில் ஒன்பது காதில் விழாது, அங்கே மட்டும் கைகொடுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். இன்னொரு ஆட்டம் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டவே வேண்டாம், அவசரப்படுத்தினால் குழந்தை பழைய விரல் எண்ணிக்கைக்கே ஓடும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் கொட்டையை வாயில் போட்டு மூச்சடைக்கக்கூடும். ஆட்டம் முடிந்ததும் முட்டை அட்டையில் அடுக்கிப் பார்த்த பிறகே டப்பாவை மூடுங்கள். எட்டுதான் இருக்கிறதென்றால், இன்னும் எத்தனை தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குழந்தை கட்டிலுக்கடியில் நுழையட்டும்.