ரப்பரில் நானோ களிமண்: டிஸ்பர்சிங் ஏஜென்ட் எவ்வளவு, எப்போது?

நானோ களிமண் போட்டும் பலன் இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ஷீட்டை பிளேடால் சாய்வாக வெட்டி வெளிச்சத்தில் பார்த்தீர்களா என்பதைத்தான். வெட்டிய முகத்தில் ரவை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் களிமண் கட்டிகட்டியாகவே கிடக்கிறது. இழுத்தால் அங்கேதான் முதலில் அறுந்துபோகும்.

மான்ட்மோரிலோனைட் களிமண்ணை நமுத்து ஒட்டிக்கொண்ட அப்பளக் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான், அகலமோ அதைப்போல நூறு மடங்கும் அதற்கு மேலும். தகடுகள் பிரிந்து பரவினால் 5 பிஎச்ஆர் (எடையில் 100 பங்கு ரப்பருக்கு 5 பங்கு) களிமண்ணிலேயே வலிமை கூடும், வாயு அவற்றைச் சுற்றி வளைத்துப் போக வேண்டியிருப்பதால் கசிவும் குறையும். ஆனால் இந்தக் களிமண்ணின் சாதா வடிவமான பென்டோனைட் தண்ணீரோடு சேருமே தவிர ரப்பரோடு ஒட்டாது. அதனால் அமோனியம் உப்பு ஏற்றிய ஆர்கனோகிளேயையே வாங்குங்கள், கட்டியைப் பிரித்துப் பரவவைக்கும் டிஸ்பர்சிங் ஏஜென்ட் அதற்குத் துணைதான்.

முதல் வேலை உலர்த்துவது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், திறந்த மூட்டை இரண்டே நாளில் ஈரம் குடித்துவிடும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி 80 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். போன மழைக்காலத்தில் இதைச் செய்யாமல் ஒரு பேட்ச் ஓட்டினேன், வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் ஸ்டியரிக் ஆசிடை இரண்டு மடங்காக்கினேன், புள்ளிகள் அப்படியே இருக்க ஹார்ட்னஸ் மட்டும் இறங்கியது. மூன்று நாள் வேலை வீண்.

அப்புறம் கலக்கும் வரிசை. ஆடி மாதக் கூழுக்கு கேழ்வரகு மாவை நேராகக் கொதிக்கும் உலையில் கொட்டுவோமா? தண்ணீரில் கரைத்துத்தானே ஊற்றுகிறோம். இதுவும் அப்படித்தான்: ஸ்டியரிக் ஆசிட், ஜிங்க் சோப், பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்று எந்த ஏஜென்டை எடுத்தாலும் களிமண்ணோடு முன்கூட்டியே கலந்து, ரப்பர் மில்லின் ரோலில் பட்டையாகச் சுற்றிக்கொண்ட (பேண்ட் ஆன) பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஜிங்க் ஆக்சைடு பிறகு, ரப்பரை க்யூர் செய்யும், அதாவது சூட்டில் இறுக்கும், ஆக்சிலரேட்டரும் சல்ஃபரும் கடைசியில், மில் ஆறியதும்.

எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டிஸ்பர்சிங் ஏஜென்ட் இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் எதிரெதிர். தகடுகளுக்கு நடுவே நுழைந்து இடைவெளியைத் திறக்கிறது, அதே சமயம் காம்பவுண்டை இளக்கி, தகடுகளைப் பிய்க்க வேண்டிய ரோலின் இழுவிசையையும் குறைத்துவிடுகிறது. ஓர் அளவுக்கு மேல் இரண்டாவதே ஜெயிக்கும். அதனால் களிமண்ணை 5 பிஎச்ஆரில் நிறுத்தி, ஏஜென்டை 0, 1, 2, 4 என்று நான்கு சின்ன பேட்ச் ஓட்டுங்கள். ஏஜென்ட் ஸ்டியரிக் ஆசிட்தான் என்றால் க்யூருக்குப் போடுகிற ஸ்டியரிக்கையும் சேர்த்தே கணக்கு வையுங்கள். நிப்பை (இரண்டு ரோலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை) நன்றாக இறுக்கி, ரோலுக்கு உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு, சுருட்டி முனை மாற்றி எட்டு பத்து முறை விடுங்கள், சூடேறினால் ரப்பர் இளகி வழுக்கத்தான் செய்யும்.

க்யூர் ஆகும்போது இறுக்கம் ஏறுவதை அளக்கும் ரியோமீட்டரில் டிஎஸ்2, அதாவது ஸ்கார்ச் நேரம் (க்யூர் தொடங்கும் வரை கிடைக்கும் நேரம்) பாருங்கள். ஆர்கனோகிளேயில் இருக்கும் அமீன் க்யூரை வேகப்படுத்தும், ஸ்கார்ச் நேரம் சுருங்கும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் குறைக்கலாம், இல்லையென்றால் க்யூர் தொடங்குவதைத் தள்ளிப்போடும் பிவிஐ 0.1 பிஎச்ஆர் போடலாம். எம்எச் (ரியோமீட்டர் காட்டும் உச்ச டார்க்) இறங்கிக்கொண்டே போனால் ஏஜென்ட் அதிகம் என்று சந்தேகப்படுங்கள்.

டென்சைலில் (இழுத்து அறுத்துப் பார்க்கும் சோதனை) சராசரியை விட ஷீட்டில் வெட்டிய ஐந்து டம்பெல் துண்டுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் நான் நம்புவேன். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே எண் தந்தால் களிமண் சீராகப் பரவியிருக்கிறது. நான்கு நன்றாக வந்து ஒன்று பாதி எண்ணிலேயே அறுந்தால் எங்கோ கட்டி இருக்கலாம், அறுந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுக்க வசதி இருந்தால் தகடுகளின் இடைவெளியைக் காட்டும் பீக் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறதா பாருங்கள், நகர்ந்தால் தகடுகள் விலகியிருக்கின்றன. பீக் மறைந்ததை மட்டும் வைத்து எல்லாம் பிரிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

தேர்ந்தெடுத்த ஷீட்டில் ஒரு துண்டை ஒரு வாரம் அலமாரியில் வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் ஏஜென்டை ஒரு படி குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.