உறைபனி விழும் ஊரில் உலகம் சூடாகிறதா? பச்சைவீட்டு விளைவில் அடிக்கடி விடும் தவறுகள்

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்தால் போதும், ஒரு கேள்வி கட்டாயம் வந்துவிடும். "புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கு, கொழுந்தெல்லாம் கருகிப்போச்சு. நீங்க என்னடான்னா உலகம் சூடாகுதுன்னு படிச்சுக் குடுக்கிறீங்களே சேர்?" சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிற என்னிடம் பிள்ளைகளும் இதைக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுடைய அப்பாமாரும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பச்சைவீட்டு விளைவுக்கு அந்த உறைபனியைவிட நல்ல சாட்சி மலையகத்தில் வேறு இல்லை.

இரவில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து நட்சத்திரம் நிறையத் தெரிந்தால், "காலையில பனி கொட்டும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மேகம் மூடிய இரவில் அந்தப் பயம் கிடையாது. பகலில் வெயில் வாங்கிய நிலம் இரவில் அந்தச் சூட்டை வெப்பக் கதிராக மேலே விடுகிறது. மேகமும் ஈரக் காற்றும் இருந்தால் அதை உறிஞ்சி, ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பும். பச்சைவீட்டு விளைவு என்பது இதுதான். வறண்ட, தெளிந்த இரவில் அப்படி அனுப்ப ஆள் குறைவு. சூட்டில் பெரும்பகுதி வானத்தோடு போய்விடுகிறது. அடுத்த நாள் காலையில் மலையில் நடந்து பாருங்கள். சவுக்கு மரத்தடியில் நிற்கும் தேயிலைச் செடி பச்சையாகவே இருக்கும். இரண்டு நிரை தள்ளித் திறந்த வெளியில், அதுவும் பள்ளத்தில் நிற்கும் செடி, யாரோ வெந்நீர் ஊற்றியது போலச் சுருண்டு கிடக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் வடிந்து தேங்குவது அதற்கு ஒரு காரணம். மேகம் செய்யும் வேலையைச் செய்ய அதன் தலைக்கு மேல் ஒரு கிளைகூட இல்லாதது இன்னொரு காரணம்.

இது புரிந்தால் முதல் தவறு தானாகவே போய்விடும். "பச்சைவீட்டு விளைவு பூமிக்குக் கேடு" என்று எழுதாதீர்கள். அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மறை 18 பாகை செல்சியசில் நிற்கும். இருப்பதால்தான் சுமார் 15 பாகை. கேடு, அது அளவுக்கு மீறிக் கூடுவதில் இருக்கிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த, இதே வேலையைச் செய்யும் காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

அடுத்த தவறுக்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர். நுவரெலியாவில் தக்காளியும் ஸ்ட்ரோபெரியும் வளர்க்கிற பொலித்தீன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே புழுங்குவதற்கு முக்கிய காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியே போக வழியில்லாதது. பக்கத்துத் தாளைச் சுருட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும். வளிமண்டலத்தில் அப்படி ஒரு தாள் கிடையாது. அந்த வாயுக்கள் காற்று முழுவதும், நாம் மூச்சுவிடும் காற்று உட்பட, கலந்து கிடக்கின்றன. ஆனால் பிள்ளைகள் படம் வரையும்போது பூமிக்கு மேலே ஒரு வட்ட மூடி போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? நானும் பல வருசம் கரும்பலகையில் மூடி வரைந்தவன்தான்.

மூடி என்று வந்துவிட்டால் அதில் ஓட்டை போடாமல் இருக்க முடியுமா? "ஓசோன் படையில் துவாரம் விழுந்ததால் வெயில் அதிகமாக உள்ளே வந்து பூமி சூடாகிறது." விடைத்தாளில் நான் அதிகம் சிவப்பு மை செலவழித்த வரி இதுதான். ஓசோன் படை தடுப்பது புறஊதாக் கதிரை. அது மெலிந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் ஆபத்து. பூமி சூடாவதோ வெளியேற வேண்டிய வெப்பம் தங்குவதால். 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை செய்து, ஓசோனைத் தின்னும் குளோரோபுளோரோகாபன்களை நாடுகள் கைவிடத் தொடங்கியதால் அந்தப் படை மெல்லத் தேறி வருகிறது. பூமியின் சூடு மட்டும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடுப்பு உண்டு: அதே குளோரோபுளோரோகாபன்கள் வெப்பத்தையும் பிடித்து வைக்கும். அதை எழுதினால் எழுதுங்கள், ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

"காற்றில் 0.04 வீதம் இருக்கிற ஒரு வாயு என்ன செய்துவிடும்?" என்பது படித்தவர்களும் கேட்கிற கேள்வி. காற்றில் மிகப் பெரும்பங்கான நைதரசனும் ஒட்சிசனும் வெப்பக் கதிரை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை, விட்டுவிடும். அதனால் சிறுபான்மை வாயுக்களின் கையில் விசயம் இருக்கிறது. ஒரு கோப்பைத் தண்ணீருக்கு எவ்வளவு தேயிலைத் தூள் போடுகிறோம் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லையே. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். காபனீரொட்சைட்டு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. மூன்று வருசம் கழித்து விஞ்ஞானி ஜோன் டின்டால் வெப்பக் கதிரை வைத்தே அளந்து காட்டினார்.

ஒரே வாயுவின் பெயரோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. மெதேன் இருக்கிறது. மரக்கறிக்கும் தேயிலைக்கும் போடுகிற யூரியா போன்ற பசளையிலிருந்து கிளம்புகிற நைதரசு ஒட்சைட்டு, எடைக்கு எடை காபனீரொட்சைட்டைப் போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கக்கூடியது. "நம்ம கரண்ட் லக்சபான தண்ணியில வர்றது, நமக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிகிற நிலக்கரியும் அதே கம்பியில்தான் வருகிறது.

சரி, உறைபனிக் கேள்விக்கு வருவோம். ஒரு காலையை வைத்துக் காலநிலையைச் சொல்ல முடியாது. முப்பது வருசக் கணக்காவது வேண்டும். அப்படிப் பார்த்தால் உலகம் ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது. "ஒரு பாகையெல்லாம் ஒரு சூடா?" என்பார்கள். மலையில் ஏற ஏற, ஆயிரம் மீற்றருக்குச் சுமார் ஆறரைப் பாகை குளிர்கிறது. கணக்குப் போட்டால், ஒரு பாகை என்பது உங்கள் தோட்டத்தை அப்படியே 150 மீற்றர் கீழே இறக்கி வைப்பதற்குச் சமம். தேயிலை பழைய குளிரைத் தேடி மேலே போகலாம்தான். ஆனால் எங்கே போகும்? நுவரெலியா நகரமே ஏறக்குறைய 1,870 மீற்றரில் இருக்கிறது. நாட்டின் ஆக உயர்ந்த பீதுருதாலகாலை 2,524 மீற்றரோடு முடிந்துவிடுகிறது.

கடைசித் தவறு கொஞ்சம் கனமானது: எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் போடுவது. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டுகிற மழை இன்னும் பலமாகக் கொட்டும் என்பது உண்மை. ஆனால் மண் சரிவதற்கு மழை மட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிவு தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்சரிவைப் பற்றிக் கேள்வி வந்தால் மழையை எழுதுங்கள், சூடாகும் காற்றையும் எழுதுங்கள். அதோடு சரிவின் செங்குத்தையும், தூர்ந்துபோன கானையும், லயத்தை அந்த இடத்தில் கட்டியதையும், எச்சரிக்கைக்குப் பிறகும் ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டியிருந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.