ஊருக்குப் போய் வளவு துப்பரவு செய்ய இருப்பவர்களுக்கு

மாரி காலத்தில் யாழ்ப்பாணம் போகும் நம்மவர்களில் பலருக்கு, உறவினர்களைப் பார்ப்பதோடு ஆளில்லாமல் கிடக்கும் காணியைத் துப்பரவு செய்யும் வேலையும் இருக்கிறது. சென்ற மார்கழியில் நானும் அதற்காகவே தென்மராட்சிக்குப் போனேன். 22 ஆண்டுகளாக யாரும் குடியிருக்காத எங்கள் வளவில் பற்றை மதிலுக்கு மேலாக வளர்ந்திருந்தது. அங்கிருந்து பாம்பு வருகிறது என்று பக்கத்து வளவில் இருக்கும் மாமி மூன்று ஆண்டுகளாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். "அடுத்த வருடம் வந்து பார்க்கிறேன் மாமி" என்று நானும் மூன்று ஆண்டுகளாகச் சொன்னேன். அப்படித் தள்ளிப்போட்டதன் பலனை அனுபவித்தவர் மாமா.

முதல் நாளே வேலையாட்கள் ஒரு பாம்பை அடித்துவிட்டு, கட்டுவிரியன் என்றார்கள். மண்வெட்டியில் கிடந்ததைக் குந்தியிருந்து பார்த்தேன். கபில நிற உடலில் வெளிறிய பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கி மறைந்திருந்தன. அது பல்லி தின்று வாழும் வெள்ளிக்கோல் வரையன், நஞ்சற்றது. கட்டுவிரியனில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: பளபளக்கும் கருமையான உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் சோடி சோடியாக அமைந்து, கழுத்தை அண்டி மங்கியோ இல்லாமலோ, பின்பகுதியில் தெளிவாகத் தெரியும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவானவை. ஆனால் செதிலை எண்ணிப் பார்க்கும் தூரத்துக்கு யாரும் போகவேண்டாம். ஐயம் இருந்தால் விலகி நிற்பதே போதும்.

சாரையை அடிக்க விடாதீர்கள். அது நீளமாக, வேகமாக ஓடுவதைக் கண்டு பயப்படுகிறோம். உண்மையில் வளவில் எலியைக் குறைப்பது அதுதான். சாரையும் நாகமும் பிணைவதாக ஊரில் சொல்லப்படுவதும், உடலை உயர்த்தி முறுக்கிக்கொண்டு பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகளைத்தான். நாகத்தை நம் ஊரில் பெரும்பாலும் அடிப்பதில்லை. நாகதம்பிரானுக்குப் பால் வைத்து வளர்ந்த பழக்கம் அதைக் காப்பாற்றிவிடுகிறது. அந்தப் பரிவு மற்றப் பாம்புகளுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கூடுதலாக அஞ்சவேண்டியது புடையனுக்கு, அதாவது கண்ணாடி விரியனுக்கு. தடித்த உடலில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசைக் கபில வட்டங்களும், கழுத்திலிருந்து பிரிந்து தெரியும் முக்கோணத் தலையும் இருக்கும். காய்ந்த சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குப் படாது. ஓடி ஒளியாமல் அதே இடத்தில் சுருண்டிருக்கும். நெருங்கினால் உரக்கச் சீறும். முட்டை இடாமல் குட்டி ஈனும், ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள் வரை. கடற்கரை மணற்பாங்கான ஊர்களுக்குப் போகிறவர்கள் சுருட்டை விரியனையும் அறிந்திருக்கவேண்டும்; இரண்டடிக்கும் குறைவான அது, செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் தேய்ப்பதுபோல ஒலி எழுப்பும்.

மூன்றாம் நாள் மைமலில், நாங்கள் வெட்டி வேலியோரம் குவித்த அலம்பல் குவியலைத் தாண்டி, வெறுங்காலோடும் ரோச் லைற் இல்லாமலும் வந்த மாமாவின் கணுக்காலில் புடையன் கடித்தது. நான் வாகனத்தை அழைக்க முயன்றபோது மாமி மறித்தார். அவருடைய தகப்பனை முன்பு காப்பாற்றியது ஊர் நாட்டு வைத்தியரான பரியாரியார்தான், நஞ்சை உறிஞ்சும் என்று நம்பப்படும் விஷக்கல்லைக் கடிவாயில் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் உயிர் தங்காது என்று அழுதார். இத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கும் நிற்காத நான் எந்த உரிமையில் மறுப்பது என்று எனக்குத் தோன்றியது. பேசாமல் பரியாரியாரின் வீட்டுக்குப் போனேன். கல் வைத்து, மூலிகை அரைத்துப் பூசி, கயிற்றால் இறுக்கிக் கட்டி முடிய இரண்டு மணி நேரம் போயிற்று. அதற்குள் கால் முழங்கால் வரை வீங்கி, பல் ஈறில் இரத்தம் கசியத் தொடங்கியது.

அரச வைத்தியசாலையில் மாமாவின் இரத்தத்தைச் சிறிய கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார்கள். பிறகு வைத்தியர் குழாயைச் சரித்தார். இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. இலங்கைப் புடையனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பதோடு நரம்பையும் தாக்கும் என்பதால் மாமாவின் இமைகளும் சரிந்திருந்தன. இந்தியாவில் செய்யப்படும் நஞ்சுமுறி மருந்தை ஏற்றினார்கள். அதற்கு ஒவ்வாமை ஏற்படுவது சாதாரணம் என்பதால், சமாளிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் அதை ஏற்றமுடியும். மாமா பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்யவேண்டியிருந்தது.

ஆகவே கடிபட்டால் யார் அழுதாலும் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கட்டவேண்டாம், கீறவேண்டாம், உறிஞ்சவேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துக்கொண்டால் போதும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை; எட்ட நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது. நிலத்தில் பாய் போட்டுப் படுப்பது நம் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் கட்டுவிரியன் இரவில் உறங்குபவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது, வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. கட்டிலில், நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச் சரிவும் வந்தால் காயம் தெரியாவிட்டாலும் தாமதிக்காதீர்கள்.

துப்பரவு வேலையை மழை தொடங்குமுன் முடித்துவிடுங்கள். வேலையாட்களுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். வெட்டிய குப்பைக்கு அன்றே ஒரு வழி செய்யுங்கள். மாமா வீடு திரும்பிய பிறகு அந்த அலம்பல் குவியலை நீண்ட தடியால் நானே புரட்டி அகற்றினேன். அடியில் ஈர மண்ணில் புதிதாகத் தோண்டிய நான்கு எலி வளைகள் இருந்தன. நாங்கள் பற்றையை வெட்டியதும் இடமில்லாமற் போன எலிகள் அங்கே கூடியிருக்கின்றன. அவற்றைத் தேடிப் புடையன் வந்திருக்கிறது.